ஒரு மீட்டர் அகலத்துக்கு

கணக்கு எப்போதும் ஒரு மீட்டர் அகலத்துக்குத்தான்.
நாற்பது மீட்டர் தாங்குசுவரிலிருந்து
ஒரு துண்டை நெட்டாக அறுத்தெடுத்து
மேசைமேல் நிறுத்திக்கொள்கிறேன்.
மிச்சம் முப்பத்தொன்பதும் இதைப்போலத்தான் என்பது
நாங்கள் எல்லோரும் ஒத்துக்கொண்ட பொய்.

லா பாஸ். பிப்ரவரி. மூன்று நாளாக மழை.
நகராட்சிக் கட்டடத்தில் ஹீட்டர் ஓடவில்லை,
கோட்டைக் கழற்றாமல் எழுதுகிறேன்:
உயரம் ஆறு.
மண்ணின் எடை கன மீட்டருக்குப் பதினெட்டு.
உராய்வுக் கோணம் முப்பது பாகை.
முப்பதுக்குக் குணகம் மூன்றில் ஒன்று.
கீழ்நோக்கி மூன்று பங்கு கனக்கிற மண்
பக்கத்தில் ஒரு பங்குதான் தள்ளும்.
துகளைத் துகள் பிடித்துக்கொள்வதால் வந்த சலுகை.

மேலே சுழியம், அடியில் முப்பத்தாறு.
ஒரு முக்கோணம், பரப்பு நூற்றெட்டு.
அந்த நூற்றெட்டும் ஒரே ஆளாகத் திரண்டு
தரையிலிருந்து இரண்டு மீட்டரில்
கைவைத்துத் தள்ளுவதாகப் பாவனை.
பொறுமைக்கு நிலத்தை உதாரணம் சொன்னவர்கள்
சரிவில் குடியிருந்ததில்லை.

இன்னொன்று.
அசையவே மாட்டேன் என்று நிற்கிற சுவரை
மண் நூற்று அறுபத்திரண்டால் தள்ளும்.
ஆறே மில்லிமீட்டர் சாய்ந்து கொடுத்தால்
நூற்றெட்டுக்கு இறங்கிவிடும்.
இதை உவமையாக்காதே என்று
எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.
என் மணவாழ்க்கையில்
யார் எத்தனை மில்லிமீட்டர் சாய்ந்தோம் என்று
அளந்தவர் யாரும் இல்லை.

காலையில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.
சுவருக்கு மேலே எர்மினியா டிக்கோனாவின் டயர் கடை.
அனுமதியில்லாமல் ஒரு மாடி,
மாடியிலும் டயர்.
கீழே பெர்னாபே காலிசாயாவின் ரொட்டி அடுப்பு.
பதினைந்து கசிவுத் துளைகளில்
பதினொன்றைக் கந்தல் திணித்துச் சிமெண்ட் பூசி அடைத்திருந்தார்.
"மாவு மூட்டை நனைகிறதே, இன்ஜினியர் அம்மா."
கார்னிவல் செவ்வாயன்று
சுவருக்கு அவர் தெளித்த பீர்க்கறையும்
சாயம் ஒழுகிய காகிதச் சுருளும் அப்படியே இருந்தன.
தூக்குக்குண்டு நூலைப் பிடித்தேன்.
பதினான்கு மில்லிமீட்டர் வெளியே.

ஆகவே இந்த இரவு, புதிய தாள்.
தண்ணீர் சுவரின் தலைவரை நிற்கிறது என்று வை.
தண்ணீருக்கு மூன்றில் ஒன்று என்ற தாட்சண்யம் கிடையாது,
எத்தனை ஆழமோ அத்தனையும் எல்லாத் திசையிலும்.
தண்ணீர் நூற்று எழுபத்தேழு.
நனைந்து பாதி மிதக்கும் மண் அறுபத்தொன்று.
டயரும் மாடியும் இருபத்துநான்கு.

கூட்டினேன்.
பேனாவை வைத்துவிட்டு
மறுபடி கூட்டினேன்.
இருநூற்று அறுபத்திரண்டு.
சுவர் கட்டியவர்கள் நினைத்திருந்தது நூற்றெட்டு,
கொஞ்சம் கையிருப்போடு.
அந்தக் கையிருப்பைத்தான் இத்தனை நாளாக
எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

இரவு ஒன்றரை மணி.
டிக்கோனா வீட்டுக்குப் போன் செய்து
பிள்ளைகளோடு வெளியேறச் சொன்னேன். திட்டினாள். வெளியேறினாள்.
காலிசாயா வீட்டாரைத் தெருக்கோடிக்கு அனுப்பினார்,
அவர் மட்டும் போகவில்லை.
எமர்ஜென்சி வண்டியிலிருந்து
துளைபோடும் இயந்திரத்தை இறக்கினோம்.
சுவரின் ஓரத்திலிருந்து தொடங்கினேன்,
எதிரே நிற்காமல், பக்கவாட்டில்.

சிமெண்ட் உடைந்ததும் முதலில் ஒன்றும் வரவில்லை.
பிறகு கந்தல் வந்தது,
யாரோ ஒருவரின் பழைய சட்டைக் கை.
அதன் பின்னால், முழங்கை நீளத்துக்கு,
பழுப்பாக, படுகிடையாகத் தண்ணீர்.
முக்கோணத்தை முதன்முறையாகக் கண்ணால் பார்த்தேன்:
மேல்துளை சொட்டியது,
நடுத்துளை வழிந்தது,
கீழ்த்துளை பாய்ந்தது.

"மாவுக்கு யார் பொறுப்பு?" என்றார் காலிசாயா.
பதில் என்னிடம் இல்லை.
வாளியைக் கீழ்த்துளைக்கு நேரே பிடிக்கச் சொன்னேன்.
நிறையும்வரை அவர் ஐமாராவில் எண்ணினார்,
மாயா, பாயா, கிம்சா, பூசி...
முதல் வாளி ஒன்பதில் நிறைந்தது.
இருபதாவது பதினொன்றில்.
விடியும்போது பதினேழு.
எண்ணுவதை நிறுத்தாமலே
நனையாத ஒரு மூட்டையைக் காலால்
உள்ளே தள்ளினார்.
நூலை மறுபடி பிடித்தேன்.
பதினைந்து.
எழுதிக்கொண்டேன்.